ஹாலில் நிரப்பக் கூடாத படிவம்

எங்கள் பக்கம் ஹெல்த் இன்சூரன்ஸ் ஃபார்ம் நிரப்புகிற இடம் வீட்டு ஹால்தான். டிவி ஓடிக்கொண்டிருக்கும், சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருப்பார்கள். சோபாவில் வீட்டுப் பெரியவர், பிளாஸ்டிக் நாற்காலியில் ஏஜென்ட், அடுப்படி வாசலில் மருமகள், பால்கனியில் போனோடு மகன். கருவேப்பிலை வாங்க வந்த பக்கத்து வீட்டு அத்தையும் அப்படியே உட்கார்ந்திருப்பார். இந்தச் சபைக்கு நடுவில் ஏஜென்ட் கேள்விகளை வாசிப்பார். சுகர்? பிரஷர்? இதயக் கோளாறு? டிபி? வலிப்பு? மனநல சிகிச்சை? எச்.ஐ.வி.? கடைசிக் கேள்விக்கு யாராவது சிரிப்பார்கள். "அட ஏம்ப்பா, நம்ம குடும்பத்துல போயி..." என்று பெரியவர் எல்லாருக்கும் சேர்த்து 'இல்லை' போட்டு முடித்துவிடுவார். அடுப்படி வாசலில் நிற்கிற பெண் தினமும் ராத்திரி வலிப்பு மாத்திரை போடுகிறவளாக இருந்தால், அந்த நிமிஷம் வாயைத் திறப்பாளா?

மதுரையில் நெடுநாளாக ஹெல்த் பாலிசி போட்டுக் கொடுக்கிறேன். க்ளெயிம் ஏன் நிற்கிறது என்று கேட்டால் எல்லாரும் கம்பெனியைத் திட்டுவார்கள். திட்டக் காரணமும் உண்டு. ஆனாலும் நான் பார்த்த மறுப்புகளில் பலவற்றுக்கு வித்து அந்த ஹாலில்தான் விழுந்தது. வெளியே சொல்லக் கூசுகிற நோய் உள்ளவர்களிடம் விலக்குகளை, அதாவது பாலிசியில் எதற்குப் பணம் வராது என்பதை, எப்படிப் பேசுகிறேன் என்று எழுதச் சொல்லி, புதிதாக ஏஜென்சி எடுத்த இரண்டு பிள்ளைகள் கேட்டார்கள். அதனால் இந்தக் கட்டுரை. இதில் வருகிற ஆட்களின் ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். யாராவது "இது நம்ம தெரு ஆளு" என்று நினைத்தால், அவர் இல்லை.

முதலில், பொய் எழுதிய பாலிசி என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரீமியம் வாங்கும்போது யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் கேட்பார்: "ரெகுலரா மாத்திரை ஏதும் சாப்பிடுறாங்களா?" உயிர் போகிற நேரத்தில் எந்தப் புருஷனும் பொய் சொல்லமாட்டான். "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே ஃபிட்ஸ் மாத்திரை சார்." அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும். மறுநாள் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கிலிருந்து டிபிஏவுக்கு, அதாவது நிறுவனத்துக்காக க்ளெயிம்களைப் பார்க்கிற இடைநிலை அலுவலகத்துக்கு, போகிற காகிதத்தில் அந்த வரியும் போகும். அங்கிருந்து ஒரு கேள்வி திரும்பி வரும்: இந்த நோய் முதன்முதலில் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, பழைய மருந்துச் சீட்டுகள் எங்கே? அவ்வளவுதான். கேஷ்லெஸ், அதாவது நாம் பணம் கட்டாமல் நிறுவனமே ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிற வசதி, நிற்கும். சில சமயம் பாலிசியே ரத்தாகும், கட்டிய பணமும் வராது. அன்றைக்கு வந்த அட்மிஷன் டெங்குக் காய்ச்சலுக்காக இருந்தாலும் சரி.

'அஞ்சு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் யாரும் எதுவும் கேக்க முடியாது' என்று சொல்லி விற்கிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2024-ல் கொண்டுவந்த விதிகளின்படி, 60 மாதம் இடைவிடாமல் பாலிசி ஓடியிருந்தால் 'நீ மறைத்தாய்' என்று சொல்லி க்ளெயிமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். முன்பு இது 8 வருஷமாக இருந்தது. ஆனால் அந்த 60 மாதத்துக்குள் வலிப்பு வராது என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவது? தெரிந்தே மறைத்ததை மோசடி என்று வாதாட நிறுவனத்துக்கும் வக்கீல் இருக்கிறார். இன்னொன்று, பாலிசியிலேயே 'இது கிடையாது' என்று எழுதி ஒப்புக்கொண்ட விலக்கை 60 மாதம் கழித்தும் எதுவும் அழிக்காது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்கிறார்கள்.

விலக்கு என்று சொன்னதும் நோயாளி முகம் சுருங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். 'உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம்' என்று அவர் காதில் விழுகிறது. அதனால் நான் அந்தச் சொல்லில் ஆரம்பிப்பதே இல்லை. பணம் எதற்கு வரும் என்பதில் ஆரம்பிக்கிறேன். பைக்கில் விழுந்து கால் உடைந்தால் வரும். டைஃபாய்டு வந்தால் வரும், ஆனால் முதல் 30 நாள் கழித்து. குடலிறக்கம், கண்புரை, மூலம், மூட்டு மாற்று எல்லாம் வரும். ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் 2 வருஷம் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அவருக்குப் புரிந்த பிறகே, உங்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது என்று அடுத்ததற்கு வருவேன்.

அந்தத் தனியானது இரண்டு வகை. ஒன்று, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு. நாங்கள் பி.இ.டி. என்போம். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டதோ, சிகிச்சை எடுத்ததோ, எடுக்கச் சொன்னதோ இதில் வரும். காத்திருப்பும் அதிகபட்சம் 36 மாதம்தான். 2024-க்கு முன்னால் 48. அது முடிந்தால் அந்த நோய்க்கும் பணம் உண்டு. மற்றது நிரந்தர விலக்கு. 2019 செப்டம்பரில் ஆணையம் விலக்குகளை ஒரே மாதிரியாக்கி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தது. மாதவிடாய் நிற்கிற வயதில் வரும் கோளாறுகளைக்கூடத் தள்ளி வைத்த பாலிசிகள் இருந்தன. அதையெல்லாம் இனிமேல் தள்ளக் கூடாது என்றார்கள். மனநோயைத் தள்ளக் கூடாது, மரபணு நோயைத் தள்ளக் கூடாது என்றும் சொன்னார்கள். கூடவே ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: வலிப்பு, புற்றுநோய், பக்கவாதம், நாள்பட்ட சிறுநீரக நோய், ஹெபடைட்டிஸ் பி, பார்க்கின்சன், எச்.ஐ.வி. போன்றவை. இவற்றில் ஒன்று இருப்பதால் ஒருவருக்குப் பாலிசியே தர முடியாது என்ற நிலை வந்தால், அவர் சம்மதத்தோடு அந்த ஒரு நோயை மட்டும் நிரந்தரமாக விலக்கிவிட்டு மற்றதற்குப் பாலிசி தரலாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்து அப்போது நிறையப் பேர் கொதித்தார்கள். எனக்கு அன்றைக்கும் இன்றைக்கும் வேறு கருத்து. அதற்கு முன்னால் புற்றுநோய் வந்து தேறிய ஒருவருக்கு நான் ஃபார்ம் போட்டால் 'ரிஜெக்டட்' என்று ஒரு வரியில் திரும்பி வரும். இப்போது 'அது தவிர மற்றதெல்லாம்' என்றாவது வருகிறது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு நோய்க்கும் எதிரே சர்வதேச நோய்க் குறியீட்டு எண் போட்டிருக்கிறது. வலிப்புக்கு ஜி40. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எந்த எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள் என்று என் ஆட்களிடம் சொல்வேன். 'நரம்பு சம்பந்தமான எல்லாக் கோளாறுகளும்' என்று மொத்தமாக எழுதி வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்பி, அந்த ஒரு எண்ணை மட்டும் போட்டு வாங்கியிருக்கிறேன். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு டிஸ்க் விலகினால் 'அதுவும் நரம்புதானே' என்று யாரும் சொல்ல வழி இருக்கக் கூடாது.

அடுப்படி வாசலில் நின்ற பெண்ணைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அப்படி ஒருத்தி உண்மையிலேயே இருந்தாள். திருமங்கலம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் சபையில் எல்லாவற்றுக்கும் இல்லை சொன்னார். நான் எழுதவில்லை. "ஆதார், பேங்க் டீடெயில் எல்லாம் வாங்கிக்கிறேன் மாமா, மத்ததை ஒவ்வொருத்தர்கிட்டயும் போன்ல கேட்டுத்தான் போடணும், இப்ப ரூல் அப்படி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்படி ஒரு ரூல் எங்கேயும் கிடையாது. நானே வைத்துக்கொண்டது. மறுநாள் மத்தியானம், வீட்டில் எல்லாரும் தூங்குகிற நேரம், அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அத்தைக்குத் தெரியாது."

"உன் வீட்டுக்காரருக்கு?"

"அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கப்பா சொல்லிட்டாரு. அவருதான் அம்மாகிட்ட சொல்ல வேணாம்னாரு."

வலிப்பு என்றால் நம் ஊரில் கல்யாணச் சந்தையில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக எழுதியிருந்தது. 1999-ல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். சட்டத்திலிருந்து எடுத்தாலும் மாமியார் மனசிலிருந்து எடுக்க முடியாதே. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எழுதினால் அத்தைக்குத் தெரியுமா?

தெரியும். இதைப் பெரும்பாலான ஏஜென்ட்டுகள் யோசிப்பதில்லை. குடும்பம் முழுக்க ஒரே ஃப்ளோட்டர் பாலிசியாகப் போட்டால், பாலிசி ஷெட்யூலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏற்கெனவே உள்ள நோய் என்ற கட்டம் வரும். பல கம்பெனிகளின் பாலிசியில் நோயின் பெயர் அப்படியே அச்சாகும். அந்தப் பிடிஎஃப் யார் போனுக்குப் போகும்? பணம் கட்டினவர் போனுக்கு. அந்த வீட்டில் அது மாமனார். அவர் அதை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு, லேமினேட் பண்ணி, பீரோவில் வைப்பார். வருஷா வருஷம் ரெனியூவலுக்கு எடுத்து எல்லாருக்கும் காட்டுவார்.

அதனால் அவளுக்கும் அவள் கணவனுக்கும் தனியாக ஒரு பாலிசி போட்டோம். அவன் நம்பர், அவன் மெயில், அவன் அக்கவுன்ட். மாமனார் மாமியாருக்குத் தனி. "எதுக்கும்மா ரெண்டு?" என்று பெரியவர் கேட்டார். "பெரியவங்களச் சேர்த்துப் போட்டா உங்க வயசுக்குத்தான் மாமா பிரீமியம் கணக்காகும், சின்னவங்களுக்குத் தனியாப் போட்டா குறையும்" என்றேன். இது முழு உண்மை. ஃப்ளோட்டரில் மூத்தவர் வயதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். வலிப்புக்கு நிரந்தர விலக்கு வந்தது. வலிப்பால் அட்மிட் ஆனால் காசு வராது, வலிப்பு வந்து கீழே விழுந்து மண்டையில் அடிபட்டால் அதிலும் தகராறு வரலாம் என்று இரண்டு பேரிடமும் உடைத்தே சொன்னேன். இரண்டாவதைச் சொல்லும்போது அவன் கொஞ்சம் கோபப்பட்டான். கோபம் நியாயமானது. ஆனால் அதை அன்றைக்கு என்னிடம் கேட்பது நல்லதா, ஐசியூ வாசலில் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிற பையனிடம் கேட்பது நல்லதா?

எச்.ஐ.வி. விஷயத்தில் இன்னும் அடக்கிப் பேச வேண்டியிருக்கும். இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல் நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில். அதற்குப் பிறகு எத்தனையோ மாறிவிட்டது. நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், எச்.ஐ.வி. மருந்து தருகிற ஏ.ஆர்.டி. சென்டரில் மாத்திரை இலவசம். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் மற்றவர்களைப் போலவே வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால் நோயின் பெயரைச் சொல்லாமலேயே பேசுகிற பழக்கம் மட்டும் மாறவில்லை. என்னிடம் வருகிறவர்களும் "அந்த மாத்திரை", "பெரியாஸ்பத்திரி மாத்திரை" என்பார்கள். நானும் அதையே சொல்லிப் பேசுவேன். பெயரை அவர்கள் வாயிலிருந்து வரவழைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? படிவத்தில் அவர்களே டிக் பண்ணட்டும். இப்போது லிங்க் போனுக்கு வருகிறது, ஓ.டி.பி. போட்டு அவர்களே நிரப்பலாம். எப்படி வந்தது என்பது எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி. அதைக் கேட்கிற ஏஜென்ட்டைச் செருப்பால் அடிக்கலாம்.

2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அதில் இன்சூரன்ஸ் பற்றியே ஒரு வரி இருக்கிறது: காப்பீட்டுக் கணக்கியல் ஆய்வின் ஆதாரம் இல்லாமல் இவர்களுக்குக் காப்பீடு மறுப்பதோ பாரபட்சம் காட்டுவதோ கூடாது. 2023 பிப்ரவரியில் ஆணையம் இன்னும் ஒரு படி போய், மாற்றுத்திறனாளிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், மனநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கென்று ஒரு பாலிசியை ஒவ்வொரு பொதுக் காப்பீட்டு நிறுவனமும் ஹெல்த் நிறுவனமும் வைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது, பாலிசியும் வெப்சைட்டில் இருக்கிறது. கிளையில் போய்க் கேட்டால் "அப்படி ஒண்ணு இருக்கா மேடம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். ஏஜென்ட்டுகளுக்கு இதைப் பற்றி மீட்டிங்கில் யாரும் பாடம் எடுப்பதில்லை. கமிஷன் போட்டியில் இது எந்தப் பரிசுக்கும் கணக்கில் வராது. கேட்டு வாங்க வேண்டும். பெயரைச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

எச்.ஐ.வி. விஷயமாக வந்த ஒரு தம்பதி என்னிடம் கேட்ட கேள்விகள் ஞாபகம் இருக்கின்றன. நோயைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, அது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "டெங்கு வந்தா குடுப்பாங்களா?" என்பது முதல் கேள்வி. "நிமோனியா?" என்பது இரண்டாவது. இரண்டாவதுதான் கஷ்டமான கேள்வி. நிமோனியா யாருக்கும் வரலாம்; ஆனால் இந்த நோய் உள்ளவருக்கு வந்தால் 'அதனால்தான் வந்தது' என்று நிறுவனம் சொல்ல இடமிருக்கிறது. சிகிச்சை தருகிற டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணத்தை என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது அது. சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை, வைரல் லோட் (ரத்தத்தில் கிருமியின் அளவு) ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஃபைல் போட்டு வையுங்கள் என்றேன். நோய் கட்டுக்குள் இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

மூன்றாவது கேள்வியை அந்த அம்மா கேட்டார். "ஆஸ்பத்திரில அந்த இன்சூரன்ஸ் ஜன்னல்ல சத்தமாப் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்களே, அப்ப இதையும் சொல்லுவாங்களா?" சொல்லக் கூடாது. ஆனால் கேஷ்லெஸ் படிவம் அந்த ஜன்னல் வழியாகத்தான் போகும், அங்கே நான்கு பேர் நிற்பார்கள். எனவே முன்கூட்டியே திட்டமிடுகிற அட்மிஷன் என்றால், கையில் பணம் இருந்தால், கட்டிவிட்டுப் பிறகு பில் அனுப்பி வாங்கிக்கொள்கிற வழியும் உண்டு என்றேன். அதற்கு லேட் ஆகும், அலைச்சல் உண்டு. மானத்துக்கு விலை கொடுக்கிற வேலை அது. எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் வழி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

மனநோய்க்கு வந்தால் சட்டம் தெளிவாக இருக்கிறது, நடைமுறையில்தான் ஓட்டை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 21-ஆம் பிரிவில், உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் என்று சொல்கிறது. சட்டம் 2018 மே 29-ல் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகும் 'எங்கள் பாலிசியில் மனநோய் கிடையாது' என்று ஒரு நிறுவனம் பணம் தர மறுத்து, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. சட்டம் அமலான நாளிலிருந்தே பாலிசிகள் அதற்குக் கட்டுப்பட்டவை என்று 2021-ல் தீர்ப்பு வந்தது.

இதைச் சொன்னதும் பெற்றோர்களுக்கு முகம் மலரும். அங்கேயே நிறுத்திவிட்டு ஃபார்மை நீட்டினால் நிச்சயம் கையெழுத்து விழும். நான் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுப் பையனுக்கு பைபோலார், அதாவது மனநிலை மாறி மாறி ஏறி இறங்குகிற நோய், என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை டாக்டர், தினம் மூன்று மாத்திரை, வாரம் ஒரு கவுன்சலிங். இதில் எதற்கும் சாதாரண ஹெல்த் பாலிசி காசு தராது. அது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் வேலை செய்யும். மனநோயில் செலவெல்லாம் வெளிநோயாளியாகத்தான் ஆகிறது, அட்மிஷன் எப்போதாவது. ஓ.பி.டி. செலவுக்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்குகிற வசதி சில பாலிசிகளில் உண்டு. அதன் வரம்பையும் பிரீமியத்தையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுவேன், பெரும்பாலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்களாகத்தான் இருக்கும். பார்த்துவிட்டு அவர்களே வேண்டாம் என்பார்கள்.

ஒரு ரிட்டையர்டு வாத்தியார், மகனுக்காக வந்தவர், இதைக் கேட்டுவிட்டு, "அப்ப சட்டம் போட்டு என்னம்மா பிரயோஜனம்?" என்றார். பிரயோஜனம் உண்டு சார் என்றேன். மறுபடி ஒரு தடவை அவனைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று வாரம் சேர்க்க வேண்டி வந்தால், அந்த பில்லுக்கு. மூன்று வருஷக் காத்திருப்பு முடிந்த பிறகு. அவர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டார். படிவத்தில் பைபோலார் என்று அவரே கட்டை எழுத்தில் எழுதினார்; நாற்பது பேருக்கு மார்க் போட்ட கை, நடுங்கவில்லை. "மறைச்சு வச்சு மறைச்சு வச்சுத்தான் அவனுக்கு வைத்தியமே லேட்டாச்சு" என்றார்.

எழுதிக் கொடுத்தவனுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று படிவத்தில் சொல்லி வெளிநாட்டுப் பயணப் பாலிசி எடுத்த ஒருவருக்கு அமெரிக்காவில் மாரடைப்பு வந்து, நிறுவனம் மறுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. உடல்நிலையைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்த பிறகு அதே உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது என்று 2021 டிசம்பரில் தீர்ப்பு. வாத்தியாரிடம் அதைத்தான் சொன்னேன்: சார், உங்க கையெழுத்துதான் நாளைக்கு உங்களுக்கு வக்கீல்.

பெண்களிடம் பேச வேண்டிய இரண்டு விலக்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றில் மழுப்ப ஒன்றுமில்லை. குழந்தையின்மைச் சிகிச்சை, ஐ.வி.எஃப்., வாடகைத் தாய் எல்லாம் எக்ஸ்க்ளூஷன் 17, அதாவது ஆணையம் எல்லாப் பாலிசிக்கும் பொதுவாகப் போட்ட விலக்கு எண். பிரசவம் எக்ஸ்க்ளூஷன் 18. அந்தப் பதினெட்டில் கருச்சிதைவும் சேர்ந்திருக்கிறது. விபத்தால் நேர்ந்தால் மட்டும் பணம் உண்டு. கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிவிட்டால் அதற்கு உண்டு. தனியாக மகப்பேறு வசதி சேர்த்த பாலிசிகள் வேறு கணக்கு. இதைக் கல்யாணமான புதிதில், எல்லாம் நன்றாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெண்ணிடம் போனில் எக்ஸ்க்ளூஷன் நம்பர் சொல்கிற நிலைமை எனக்கு வரக் கூடாது என்பதற்காகவே, ஆண்கள் எழுந்து போன பிறகு அடுப்படியில் நின்று இதைப் பேசிவிடுவேன். பெண் ஏஜென்ட்டாக இருப்பதில் உள்ள ஒரு லாபம் அது.

கடைசியாகக் குடி. வலிப்புக்கும் எச்.ஐ.வி.க்கும் இருக்கிற அனுதாபம் இதற்கு யாரிடமும் கிடையாது. ஆனால் நான் பார்த்தவரையில் அதிகம் குடும்பங்களைச் சாய்த்த விலக்கு இதுதான். எக்ஸ்க்ளூஷன் 12: குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும். முன்பாதியை எல்லாரும் வாசிப்பார்கள், மறுவாழ்வு மையத்துக்குக் காசு வராது, சரி. 'அதன் விளைவுகளும்' என்ற இரண்டு சொல்லில்தான் ஈரல் சுருக்கமும், கணைய அழற்சியும், ரத்த வாந்தியும் உட்கார்ந்திருக்கின்றன. டியூட்டி டாக்டர் "குடிப்பாரா?" என்று கேட்க, மனைவி ஆற்றாமையில் "தெனம் குடிப்பாருங்க, இருபது வருஷமா" என்று கொட்டித் தீர்க்க, அது கேஸ் ஷீட்டில் ஏறி, ஈரலுக்குச் சம்பந்தமே இல்லாத நோய்க்குக்கூடக் கேள்வி வந்து நிற்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை. எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எப்போது விட்டார் என்று சரியான அளவைச் சொல்லுங்கள். டாக்டர் எழுதினதை டிஸ்சார்ஜுக்கு முன் வாசித்துப் பாருங்கள். அப்படியும் மறுத்தால், குடியால்தான் இது வந்தது என்பதற்கு ஆதாரம் என்ன என்று எழுத்தில் கேட்டு, பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், போகலாம். அங்கே வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. நிறுவனம் மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

போன மாதம் மேலூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், சென்னையில் ஐ.டி. வேலை. அம்மா அப்பாவுக்குச் சேர்த்து 5 லட்சத்துக்குப் பாலிசி வேண்டும் என்றான். அப்பா விவசாயக் கூலி, குடிக்கிறவர், ஸ்கேனில் ஈரல் வீக்கம் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறது. எக்ஸ்க்ளூஷன் 12-ஐ விளக்கினேன்.

"அப்ப அப்பாவுக்கு எதுக்கு மேடம் நான் பிரீமியம் கட்டணும்?"

"விபத்துக்கு வரும் தம்பி. காய்ச்சல், ஆபரேஷன், கண்புரை, இதுக்கெல்லாம் வரும். ஈரலுக்கு மட்டும் வர்றது கஷ்டம். அதை நம்பி எடுக்காத."

கட்டலாம் என்றுதான் முடிவு செய்தான். ஆனால் அப்பா போனில், குடிப்பழக்கம் உண்டு என்று போட்டால் ஓ.டி.பி. சொல்லமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். நான் இல்லை என்று போடமாட்டேன் என்றேன். இரண்டு நாள் இழுத்தது. ஊரில் அம்மா அப்பா ரேஷன் கார்டில் இவன் பெயர் இல்லை, அவர்கள் வருமானமும் வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் என்பது பேச்சில் தெரியவந்தது. அப்படியென்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையே வாங்கலாமே, வருஷத்துக்கு 5 லட்சம் வரை, என்னென்ன சிகிச்சை அதில் வரும் என்று பெரியாஸ்பத்திரி காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேள் என்று அனுப்பினேன். அம்மாவுக்கு மட்டும் என்னிடம் தனிப் பாலிசி எடுத்தான். அப்பாவுக்கு வருமானச் சான்றிதழ் வாங்க வி.ஏ.ஓ. ஆபீசுக்கு லீவு போட்டு அலைந்துகொண்டிருக்கிறான்.